பரண் மேல் யாருடைய பெட்டி?

வேலூர் காந்தி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பனைப் பார்க்கச் சாயங்காலம் போனால் உட்கார ஸ்டூல் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள், லாட்ஜில் ரூம் எடுத்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள் என்று கடை வாசலில் எப்போதும் கூட்டம். எல்லோர் கையிலும் போன். போனுக்குள் ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஆதார். "இந்த நம்பருக்கு வாட்ஸப் பண்ணுங்க" என்பதைத் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் சொல்லப் பழகிவிட்டான் நண்பன்.

போன மாதம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பட்டு நெசவு. அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு, பழைய ரிப்போர்ட்டையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட வேண்டும். போனில் படம் தெரிகிறது. தொட்டால் மங்கலாக விரிகிறது. ஓரத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெளிவாகவே மாட்டேன் என்கிறது.

"ணா, படம் கீது. ஆனா போ மாட்டேங்குதே?"

"படம் இதுல இல்லீங்க. சின்னதா ஒரு மாதிரிதான் கீது. நெஜப் படம் மேல க்ளவுட்ல கீது. உங்க டேட்டா தீந்துடுச்சி, அதான் எறங்கல."

"நான் மேல போடவே இல்லியே. யாரு போட்டது?"

நண்பன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அது ஆட்டோமேட்டிக்" என்றான். எவ்வளவு சௌகரியமான சொல்! யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுக்கு ஆளே இல்லாமல் செய்துவிடுகிறது. அவர் போன் எந்தக் கம்பெனியுடையது என்று நான் எழுதப்போவதில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

யார் போட்டது என்பதற்கு நேர் பதில் உண்டு: போனை இயக்கும் மென்பொருள், அதாவது இயங்குதளம். ஆப்பிள் போனில் ஐஓஎஸ், மற்ற பெரும்பாலான போன்களில் கூகுளின் ஆண்ட்ராய்டு, கம்ப்யூட்டரில் விண்டோஸ். இந்த மூன்றைச் செய்யும் மூன்று கம்பெனிகளும் க்ளவுட் இடத்தையும், அதாவது இணையம் வழியே நம் ஃபைல்களைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தையும், விற்கின்றன என்பதுதான் சங்கதி. ஆப்பிளின் ஐக்ளவுட் 2011இல் 5 ஜிபி இலவசம் என்று தொடங்கியது. இத்தனை வருடத்தில் போன் கேமரா எங்கேயோ போய்விட்டது, அந்த 5 ஜிபி அங்கேயே நிற்கிறது. கூகுள் 15 ஜிபி தருகிறது. அதில் மெயில், டிரைவ், போட்டோ மூன்றும் பங்கு. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் 15 ஜிபி தந்துகொண்டிருந்தது. 2016இல் 5 ஜிபியாகக் குறைத்தது.

இடம் வேண்டுமென்றால் வேறு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாமே? வாங்கலாம், யாரும் தடுக்கவில்லை. டிராப்பாக்ஸ் போல எத்தனையோ ஆப்கள் ஸ்டோரில் கிடைக்கின்றன. இங்கேதான் நிறையப் பேர் விவாதத்தை முடித்துக்கொள்கிறார்கள்: தடையே இல்லையே, அப்புறம் என்ன புகார்?

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓனர் உங்கள் சாமானை எதுவும் சொல்லவில்லை. பீரோ எங்கே வாங்கினாலும் கொண்டுவந்து ஹாலில் வைக்கலாம். ஆனால் பரணுக்குப் பூட்டு, சாவி அவரிடம். பரணில் வைக்க வேண்டுமென்றால் அவர் விற்கும் பெட்டியில் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஹாலில் வைத்த பீரோவைக்கூட நீங்கள் வீட்டில் விழித்திருக்கும்போது மட்டுமே திறக்கலாம். அவர் பெட்டி மட்டும் ராத்திரி தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும். ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பீர்கள். அப்புறம் நீங்களே போய் அவரிடம் பெட்டி வாங்கிக்கொள்வீர்கள். அவர் உங்களை ஒரு வார்த்தைகூட வற்புறுத்தியிருக்க மாட்டார்.

ஐபோனில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ராத்திரி பதினோரு மணி. போன் சார்ஜில் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, திரை அணைந்திருக்கிறது. குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போய் எடுத்த நானூறு படங்கள், பதினைந்து வீடியோக்கள் உள்ளே இருக்கின்றன. ஐக்ளவுட் இயங்குதளத்தின் ஒரு பகுதி என்பதால் இந்த நேரத்தில் நிம்மதியாக வேலை பார்க்கும். காலையில் எல்லாம் மேலே போயிருக்கும். நீங்கள் வேறு கம்பெனியின் ஆப்பை வைத்திருந்தால் அது ஓர் ஆப் மட்டுமே. திரையிலிருந்து விலகியதும் அதற்கு இயங்குதளம் அளந்துதான் நேரம் கொடுக்கும். பேட்டரி, உங்கள் பழக்கவழக்கம் எல்லாம் பார்த்துத் தோன்றும்போது கொஞ்சம் எழுப்பிவிடும், மறுபடி தூங்கவைக்கும். காலையில் பார்த்தால் அறுபது படம் போயிருக்கும். 'பதிவேற்றத்தை முடிக்க ஆப்பைத் திறந்து வையுங்கள்' என்று ஓர் அறிவிப்பு நிற்கும். நீங்கள் திட்டுவது அந்த ஆப்பை. "இது சரியில்லப்பா, கம்பெனியோடதுதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவீர்கள். போட்டோ ஆப்கள் திரைக்குப் பின்னாலும் படங்களை ஏற்றுவதற்கென்று தனி வழியை ஆப்பிள் திறந்துவிட்டது 2025இல் வந்த ஐஓஎஸ் 26.1 பதிப்பில்தான். ஐக்ளவுட் வந்து 14 வருடம் கழித்து.

படமாவது பரவாயில்லை, முழு பேக்கப் இன்னும் இறுக்கம். போன் உடைந்து புதுப் போன் வாங்கினால் பழையதில் இருந்தபடியே எல்லாம் வர வேண்டும்: செட்டிங், ஆப்களின் உள்தகவல், திரையில் எந்த ஆப் எங்கே இருந்தது என்பதுவரை. இதை க்ளவுடில் வைக்க ஐபோனில் ஐக்ளவுட் ஒன்றே வழி. இன்னொரு ஆப்பின் அறைக்குள் எந்த ஆப்பும் நுழைய முடியாது என்பது ஐஓஎஸின் அடிப்படை விதி. ஆகவே வெளிக் கம்பெனி எதுவும் முழு நகல் எடுக்கவே முடியாது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் முழு பேக்கப் எடுக்க ஆப்பிள் எப்போதும் அனுமதித்திருக்கிறது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாமல் போன் ஒன்றையே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த வழியால் என்ன பயன்?

பிரிட்டனில் விச் என்ற நுகர்வோர் அமைப்பு 2024 நவம்பரில் இதைத்தான் வழக்காக்கியது. ஐக்ளவுடுக்குச் சலுகை கொடுத்து மற்றவர்களை ஓரங்கட்டி, அதன் மூலம் வாடிக்கையாளர்களிடம் கூடுதலாக வாங்குகிறது ஆப்பிள் என்பது குற்றச்சாட்டு. சுமார் 4 கோடி பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள் சார்பில் ஏறக்குறைய 300 கோடி பவுண்ட் இழப்பீடு கோரிக்கை. ஐக்ளவுட் வாங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, பலர் வேறு சேவைகளைப் பயன்படுத்துகிறார்கள், தரவை மாற்றிக்கொள்வதையும் முடிந்தவரை எளிதாக்குகிறோம் என்பது ஆப்பிளின் பதில். ஹாலில் பீரோ வைத்துக்கொள்ளலாமே என்று ஓனர் சொல்வது என் காதில் விழுகிறது. அதற்காக அந்தப் பதில் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது.

நம் பக்கம் ஆண்ட்ராய்டுதான் அதிகம். ஆண்ட்ராய்டு முன்பு திறந்த வீடாக இருந்தது. எந்த ஆப்பும் அனுமதி ஒன்றை வாங்கிக்கொண்டு மெமரி கார்டு முழுக்கத் துழாவலாம். டார்ச் அடிக்கும் ஆப் எதற்கு என் போட்டோ ஃபோல்டரைக் கேட்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 அந்தக் கதவைச் சாத்தியது. அவரவர் அறை அவரவருக்கு. எல்லா ஃபைலையும் தொட வேண்டுமென்றால் தனி அனுமதி. அந்த அனுமதி கேட்கும் ஆப்களைப் பிளே ஸ்டோரில் விடலாமா வேண்டாமா என்று கூகுள் பார்த்து முடிவு செய்யும்.

விதி நல்ல விதிதான். அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். நெக்ஸ்ட்க்ளவுட் என்று ஒரு ஜெர்மன் கம்பெனி. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரை வைத்து உங்கள் க்ளவுடை நீங்களே நடத்திக்கொள்ள அதன் மென்பொருள் உதவும். எனக்குத் தெரிந்த பொறியியல் மாணவர் ஒருவர் காட்பாடியில் தன் அறையில் பழைய கம்ப்யூட்டரில் இதை ஓடவிட்டிருக்கிறார். மே மாதம் அந்தப் பெட்டிக்கென்றே தனி ஃபேன். ஃபைல்களை ஏற்றி இறக்குவதே வேலையாக உள்ள அந்த ஆப்புக்கு எல்லா ஃபைலையும் தொடும் அனுமதியை 2024இல் கூகுள் எடுத்துவிட்டது. படம், வீடியோ ஏற்றலாம். மற்ற ஃபைல்களைத் தானாக ஏற்ற முடியாது. க்ளவுட் ஆப்புக்கு இதைவிட என்ன வேலை இருக்கிறது? மாதக்கணக்கில் மேல்முறையீடு செய்தும் நகரவில்லை. 2025 மே மாதம் அந்தக் கம்பெனி விஷயத்தைப் பகிரங்கமாக எழுதியது, பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. சில நாட்களில் அனுமதி திரும்ப வந்துவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. எஃப்-டிராய்ட் என்ற மாற்று ஸ்டோரிலிருந்து அதே ஆப்பை இறக்கியவர்களுக்கு அத்தனை மாதமும் எல்லாம் வேலை செய்தது. அதே போன், அதே ஆண்ட்ராய்டு. ஆக, போனால் முடியாத காரியம் இல்லை. பாதுகாப்புக்கு ஆபத்து என்றிருந்தால், பத்திரிகையில் செய்தி வந்ததும் அந்த ஆபத்து எப்படிக் கரைந்தது?

வாட்ஸப்புக்கு வருவோம், ஏனென்றால் வேலூரில் 'க்ளவுட் ஃபுல்' என்று வரும் புகாரை ஆராய்ந்தால் பாதி வாட்ஸப்பில்தான் போய் முடியும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் பேக்கப்பை க்ளவுடில் வைக்க கூகுள் கணக்கு; ஐபோனில் ஐக்ளவுட். மூன்றாவது கட்டமே அந்தத் திரையில் கிடையாது. 2018 நவம்பரிலிருந்து கூகுள் இந்த பேக்கப்பை 15 ஜிபி கணக்கில் சேர்க்காமல் சும்மா விட்டிருந்தது. கூகுள் போட்டோஸும் அப்படித்தான்: 2015இல் ஆரம்பித்தபோது, தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் எத்தனை படமும் இலவசம். ஆறு வருடம் ஊரே படத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது. 2021 ஜூன் 1 முதல் புதுப் படங்கள் கணக்கில் ஏறத் தொடங்கின. 2024 தொடக்கத்திலிருந்து வாட்ஸப் பேக்கப்பும் ஏறியது. 'குட் மார்னிங்' படங்களும், நாலு குடும்பக் குரூப்புகளின் கல்யாண வீடியோக்களும் சேர்ந்து 15 ஜிபியை நிரப்ப எவ்வளவு நாளாகும்?

நிரம்பினால் வெறும் போட்டோ நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அதே இடத்தில்தான் மெயிலும் இருக்கிறது; இடம் தீர்ந்தால் மெயில் வராது, அனுப்பவும் முடியாது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பையனுக்கு இன்டர்வியூ கடிதம் வராமல் போவதற்கு அவன் அத்தை அனுப்பிய வீடியோ காரணமாக இருக்கலாம். அந்த நிலைமையில் மாதம் 130 ரூபாய்க்கு 100 ஜிபி என்று ஒரு பட்டன் திரையில் வரும்போது அதைத் தட்டுவதை 'நுகர்வோரின் தேர்வு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐக்ளவுடில் 50 ஜிபி மாதம் 75 ரூபாய், வருடத்துக்கு 900. பெரிய தொகை இல்லை. ஆனால் இது நிறுத்த முடியாத வாடகை, படங்கள் கூடுமே தவிரக் குறையாது.

கம்ப்யூட்டர் பக்கம் சுருக்கமாகப் போகலாம் என்று பார்த்தால், விண்டோஸில் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. புது லேப்டாப் வாங்கி முதல்முறை திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கொடுத்துக்கொண்டே, அடுத்து அடுத்து என்று தட்டிக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவுக்குள் குடியேறியிருக்கும். கண்ணுக்கு அதே டெஸ்க்டாப்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர் வழக்கம்போல கோரல்டிரா ஃபைலையெல்லாம் அதில்தான் வைப்பார். 5 ஜிபி ஒரு மாதம் தாங்காது. 'இடம் தீர்ந்தது' என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். அவர் என்ன செய்வார்? மேலே இருப்பது நகல்தானே என்று இணையத்தில் ஒன்டிரைவைத் திறந்து பழைய ஃபைல்களை அழிப்பார். கம்ப்யூட்டரிலும் அது போய்விடும். ஏனென்றால் மேலே இருந்தது நகல் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே பொருள், ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் காலி. பேக்கப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், செய்வது சிங்க். கொஞ்ச நாளுக்கு ரீசைக்கிள் பின்னில் கிடக்கும் என்பது ஒன்றே ஆறுதல், அதைத் தேடத் தெரிந்தவருக்கு. வேர்டில் தட்டத்தட்டத் தானாகச் சேமிக்கும் வசதியும் ஃபைல் க்ளவுடில், பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் க்ளவுடில், இருந்தால்தான் வேலை செய்யும். சொந்த டிஸ்க்கில் வைத்தால் கன்ட்ரோல் எஸ்தான்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஒரு வருடம் கூடுதலாகப் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் மூன்று வழி வைத்தார்கள்: 30 டாலர் கட்டு, அல்லது மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 கொடு, அல்லது உன் கம்ப்யூட்டரின் செட்டிங்கை எங்கள் க்ளவுடுக்கு பேக்கப் எடு, இலவசம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. 2025 செப்டம்பரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் அந்த பேக்கப் நிபந்தனை விலக்கப்பட்டது. கணக்கில் உள்நுழைந்தால் போதும். பெர்லினில் இருப்பவருக்கு ஒரு விதி, பேரணாம்பட்டில் இருப்பவருக்கு இன்னொரு விதி. மென்பொருள் ஒன்றுதான், அங்கே கேட்க ஆள் இருக்கிறது.

பாதுகாப்பு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எல்லா ஆப்புக்கும் எல்லாக் கதவும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லோன் ஆப்கள் சாட்சி; கான்டாக்ட் லிஸ்டை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்திய கதை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. முழு பேக்கப் என்றால் பாஸ்வேர்டு முதல் மருத்துவத் தகவல்வரை அதில் இருக்கும். அதை யாரோ ஒரு கம்பெனி ஓட்டைச் சர்வரில் வைத்தால் பொறுப்பு யார்? பூட்டு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாவி வாங்க என்ன தகுதி வேண்டும் என்பதை எழுதி வைத்து, அந்தத் தகுதியைத் தன் சேவைக்கும் பொருத்தி, தகுதியுள்ள எவருக்கும் சாவி கொடுப்பது ஒரு வகை. தனக்கு மட்டும் சாவி வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் திருடர் பயம் பேசுவது இன்னொரு வகை. இரண்டாவதில் பயமும் உண்மை, வியாபாரமும் உண்மை. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

இந்த இடத்தில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் ஞாபகம் வருகிறார். படையெடுப்புக் காலத்தில் பாதுகாப்புக்காக லிங்கத்தை வெளியே கொண்டுபோய் வைத்ததாகச் சொல்வார்கள். சத்துவாச்சாரியில் இருந்தார். கோயில் காலியாகவே கிடந்து, 'சாமியில்லாத கோயில்' என்று வேலூரைக் கிண்டலடிக்கும் சொலவடையில் இடம்பிடித்துவிட்டது. கோட்டை தொல்லியல் துறையின் கையில். பழைய இடத்தில் திரும்ப வைப்பது லேசில் நடக்கவில்லை. 1981இல்தான் திரும்பினார். எங்கள் ஊரின் மிகப் பழைய பேக்கப் அது என்று நான் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். இருந்தாலும், எடுத்து வைப்பதற்கும் திரும்ப எடுத்து வருவதற்கும் நடுவே எத்தனை பேர் அனுமதி தேவைப்படும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இயங்குதளத்தோடு இன்னொரு பொருளைக் கட்டித் தருவது புதுச் சண்டை இல்லை. விண்டோஸோடு பிரௌசரைக் கட்டியதற்காக அமெரிக்க அரசு 1998இல் மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. மீடியா பிளேயரைக் கட்டியது உள்ளிட்ட காரணங்களுக்காக 2004இல் ஐரோப்பிய ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒன்டிரைவைக் கட்டுகிறார்கள் என்று 2021இல் நெக்ஸ்ட்க்ளவுடும் இன்னும் பல ஐரோப்பியக் கம்பெனிகளும் சேர்ந்து அதே ஆணையத்திடம் போனார்கள். வழக்கு முடிவதற்குள் சந்தை முடிந்துவிடுகிறது என்பதைப் பார்த்துத்தான் ஐரோப்பா டிஜிட்டல் சந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகளை வாயிற்காவலர்கள் என்று முன்கூட்டியே அறிவித்து, 2024 மார்ச் 7 முதல் கடமைகளைச் சுமத்தியது. இயங்குதளத்தின் எந்தெந்த வசதியைத் தன் சேவைக்குக் கொடுக்கிறாயோ அதை மற்றவருக்கும் இலவசமாகக் கொடு என்பது அந்தக் கடமைகளில் ஒன்று. பரண் சாவி விஷயம் அதுதான்.

இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் ஆப் மூட்டையை முழுசாகப் போட்டுத்தான் போன் விற்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டிப்போட்டது தப்பு என்றது. அந்த ஆப்களை நீக்கப் பயனரைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, நீக்கும் உரிமை தொடர்பான உத்தரவு உள்ளிட்ட சிலவற்றை ரத்து செய்தது. அபராதம் அரசாங்கத்துக்கு, நீக்கும் உரிமை மட்டும் நமக்கு வரவேண்டியது. எது நின்றது, எது போனது என்று பாருங்கள்.

ஐரோப்பியச் சட்டத்தைப் போலவே ஒரு டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் டெல்லியில் வெளியானது. வரைவோடு நிற்கிறது. என் கோபம் இன்னொரு சட்டத்தின் மேல்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 2019 வடிவத்தில், என் தரவை ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கி இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருந்தது. போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுகிறோமே, அதுபோல. 2023இல் சட்டமானபோது அந்த உரிமை காணாமல் போயிருந்தது. பெரிய அளவில் யாரும் பேசவில்லை.

கம்பெனிகள் தாமாகத் திறந்த சில கதவுகள் உண்டு, பயன்படுத்துபவர் குறைவு. கூகுளில் டேக்அவுட் என்ற பகுதியில் எல்லாவற்றையும் மூட்டையாக இறக்கிக்கொள்ளலாம். ஐக்ளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேராக மாற்றும் வழி 2021 முதலும், எதிர்ப்பக்கம் 2024 முதலும் இருக்கிறது. இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்குப் பாதை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். படங்களை வருடத்துக்கு இரண்டு முறை ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைப்பது என் பழக்கம், பொங்கலுக்கு ஒன்று, ஆடி மாதத்தில் ஒன்று. இறக்கியதும் நாலு படத்தைத் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆரணிக்காரர் காத்திருந்தார். நண்பன் தன் போனின் ஹாட்ஸ்பாட்டை அவருக்குக் கொடுத்தான். வட்டம் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது, படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஏழு பக்கம் பிரிண்ட் வந்தது. காசு கொடுத்துவிட்டு அவர் நகரவில்லை.

"இத்த நிறுத்தறது எப்டிணா? இனிமே மேல போவக் கூடாது, போன்லயே இருக்கணும்."

நண்பன் செட்டிங்கைத் திறந்தான். பெயரைத் தட்டி, அதற்குள் க்ளவுட், அதற்குள் போட்டோ. பட்டனை இந்தப் பக்கம் தள்ளியதும் ஒரு கேள்வி வந்தது: இந்தச் சாதனத்தில் முழுமையாக இல்லாத படங்கள் நீக்கப்படும், தொடரலாமா? ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீக்கம்னா, அம்மா ரிப்போர்ட்டும் பூடுமா?"

"மேல இருக்கும். இதுல இருக்காது. எல்லாத்தையும் மொதல்ல எறக்கிட்டு அப்புறம் நிறுத்தணும்."

"எறக்கறதுக்கு எடம்?"

நண்பன் பார்த்துச் சொன்னான். மேலே முப்பத்தொன்பது ஜிபி. போனில் காலியிடம் ஆறு.

அவர் போனை வாங்கி 'ரத்து' என்பதைத் தானே தட்டினார். பிரிண்ட்டை வேட்டி மடிப்பில் செருகப் பார்த்து, அப்புறம் பிளாஸ்டிக் கவர் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். "பெங்களூர்ல பையன் கீறான், அவன்தான் இத்த வாங்கிக் குடுத்தான். ஞாயித்துக்கெயம வருவான், கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.